மாமன் சீராக வந்த சிலேட்டு

பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அன்னக்கொடி மடியில் கட்டிய பருத்தியோடு அப்படியே ஓடினாள். "ஆத்தா, வாத்தியார் பலகையைக் கழட்டுறாரு" என்று மகள் ஜெயக்கொடி மூச்சிரைக்க வந்து சொன்னால் வேறென்ன செய்வாள்?

நாகமலைக்கு மேற்கே கொம்பையம்பட்டியில் பள்ளிக்கூடம் என்றால் ஒரு கீற்றுக்கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். வெள்ளைக்காரன் காலத்தில் சர்க்கார் வைத்தது. வாத்தியார் சவரியப்பன் திருமங்கலத்துப் பக்கம் வேதக்காரர், கிறிஸ்தவர். பயந்த சுபாவம், பாடம் சொல்லும்போது மட்டும் குரல் நாலு தெரு கேட்கும். அவர் பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன வாத்தியாரய்யா, சொல்லாமக் கொள்ளாமக் கிளம்புறீக?"

"நானா கிளம்புறேன் தாயி? திங்கக்கிழமை இன்ஸ்பெக்டர் வாராரு. இருபது பிள்ளையாவது உக்காந்திருந்தாத்தான் இங்க பள்ளிக்கூடம். இல்லேன்னா வேற ஊருக்கு மாத்திருவாக. என்கிட்ட இருக்கிறது அஞ்சு. அதுலயும் ஒண்ணு பாதி நேரம் ஆட்டுக்குப் பின்னால போயிருது."

"அதுக்கு இப்பவே பலகையைக் கழட்டுவீகளா? மாட்டுங்கய்யா திரும்ப!"

அவள் போட்ட அதட்டலில் வாத்தியார் பலகையைத் திரும்ப மாட்டிவிட்டார்.

ஊரில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத்தான் ஆள் இல்லை. அது ரேகை வைத்த ஊர். திருடினானோ இல்லையோ, அந்தச் சாதியில் ஆணாகப் பிறந்தவன் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பெருவிரலை மையில் முக்கி வைத்துவிட்டு வரவேண்டும் என்று சட்டம் இருந்த காலம். சர்க்கார் ஏட்டில் பெயர் ஏறினால் ஆயுசுக்கும் இறங்காது என்று ஊர் கண்ணால் கண்டிருந்தது. அதனால் வாத்தியார் நல்ல மனசோடு "பிள்ளை பேரென்னம்மா?" என்று பென்சிலை எடுத்தால் போதும், பெற்றவள் பிள்ளையை நெல்லுக் குதிருக்குள் இறக்கி ஒளித்துவிடுவாள்.

அன்னக்கொடியின் புருஷன் காளையும் முதலில் அப்படித்தான் முறுக்கிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் திருப்பரங்குன்றம் தேர் பார்க்கப் போனார்கள். ரயிலடியில் நட்டிருந்த பலகையைப் பார்த்து ஜெயக்கொடி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கடைசியில் "திருப்பரங்குன்றம்!" என்று கத்தினாள். காளைக்குப் புல்லரித்துவிட்டது. "இன்னொருக்கா சொல்லு, இன்னொருக்கா சொல்லு" என்று ரயில் ஏற நின்ற ஆட்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொல்லச் சொன்னான். பொரிகடலைப் பொட்டலத்தை அப்படியே மகள் கையில் கொடுத்தான். அன்றையிலிருந்து அன்னக்கொடிக்கு ஒரே வெறி. மகள் பலகை மட்டும் படித்தால் பற்றாது, பலகைக்கு அந்தண்டை இருப்பதையும் படிக்கவேண்டும். பள்ளிக்கூடம் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்தப் பிள்ளை பாதி எழுத்தோடு நின்றுபோகும்.

அன்னக்கொடி கீழக்குயில்குடிக் கருத்தக்கண்ணனுக்கு ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. சித்தப்பன் மக்கள் வரப்புத் தகராறில் பேச்சு வார்த்தையை விட்டவர்கள். ஜெயக்கொடிக்குக் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொள்ள மாமன் இல்லாமல், காளையே உட்கார்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டான். அதை ஊர் இன்னும் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. அதே காதுகுத்து ஞாபகம்தான் அன்று சாயங்காலம் கிணற்றடியில் அவளுக்கு வழி காட்டியது.

முத்துத்தாயும் செல்லத்தாயும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அவளுக்கு ஓரகத்தி முறை. காளையின் பங்காளிகளுக்கு வாக்கப்பட்டவர்கள். முத்துத்தாய் பிறந்தது திருப்பரங்குன்றம், செல்லத்தாய் பிறந்தது அலங்காநல்லூர்.

"பிள்ளையை அனுப்புனா எங்க வீட்டு ஆளு அருவாளைத் தூக்கிருவாரு" என்றாள் முத்துத்தாய். அவள் புருஷன் மொக்கைச்சாமி தூக்கக்கூடிய ஆள்தான்.

"வாத்தியார் கூப்பிட்டாத் தூக்குவாரு அக்கா. உங்க அண்ணன் தட்டுல சிலேட்டு வச்சு, கொட்டோட வந்து, மருமகனைத் தோள்ல தூக்கிட்டுப் போனா?"

முத்துத்தாய் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி கிணற்றுக்குள் தொபுக்கென்று விழுந்தது.

"மச்சான் கொண்டாந்த சீரை வேணாம்னுருவாரா? எங்க அண்ணன் அந்த மீசையைப் பிச்சுற மாட்டான்!"

"அம்புட்டுத்தான் விசயம்" என்றாள் அன்னக்கொடி.

காதுகுத்துக்கு மாமன் சீர் உண்டு, சடங்குக்கு உண்டு, கல்யாணத்துக்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு எவன் கேட்டான்? ஆனாலும் பிறந்த வீட்டுக்குப் பெண்டுகள் சொல்லிவிட்ட சேதி சந்தைக்குப் போன வண்டிகளில் ஏறிப் பறந்தது. அன்னக்கொடி சும்மா இருக்கவில்லை. திருப்பரங்குன்றத்துப் பக்கம் போகிறவனிடம், "அலங்காநல்லூர் ஆளு கிடாய் பிடிச்சுக்கிட்டு வாராராம்ல" என்றாள். அலங்காநல்லூர் போகிறவனிடம், "பரங்குன்றத்து ஆளுக ரெட்டைக் கொட்டுச் சொல்லியிருக்காகளாம்" என்றாள். அப்புறம் எந்த மாமன் வீட்டில் உட்காருவான்? மதுரை விளக்குத்தூண் கடைகளில் கொம்பையம்பட்டிக்கென்றே சிலேட்டு விற்றது.

ஞாயிற்றுக்கிழமை காளை மெதுவாகக் கேட்டான்.

"ஏண்டி, ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மாமனைக் கூப்பிட்டுட்ட. நம்ம பிள்ளைக்கு?"

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. "அவகிட்டத்தான் ஓட்டைச் சிலேட்டு ஒண்ணு இருக்குல்ல, போதும்" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போனாள். எரிகிற அடுப்பைப் போய் ஊதினாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கொட்டுச் சத்தம். கிழக்கே ஒரு கூட்டம், வடக்கே ஒரு கூட்டம், கண்மாய்க் கரையில் ஒரு கூட்டம். தாம்பாளத்தில் தேங்காய், பழம், புதுத்துணி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்த சிலேட்டு. மாமன்மார் தோளில் மருமக்கள் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்டுகள் குலவை போட்டார்கள். மொக்கைச்சாமி வாசலில் மலைத்துப்போய் நின்றான். மச்சான் முத்திருளன் அவனைப் பார்த்து, "என்ன மாப்ள, பேச்சைக் காணோம்?" என்று கேட்டபடியே பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். இருபது என்ன இருபது! முப்பதுக்கு மேலேயே இருந்தது பிள்ளைக்கூட்டம். அன்னக்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொட்டகைக்குள் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே வெறும் மண்தரை.

"ஒரு பிள்ளையையும் காணோமே வாத்தியாரே. வெளியே என்ன, சாமி ஊர்வலமா?"

"பிள்ளைகதான் ஐயா வருது."

"ஆடு கத்துதே?"

"அதுவும்... கூடத்தான் வருது ஐயா."

ஆனால் ஒருத்தரும் உள்ளே வரவில்லை. அன்னக்கொடி எல்லாவற்றையும் யோசித்தவள், இதை யோசிக்காமல் விட்டுவிட்டாள். சீர் என்று வந்துவிட்டால் யார் முந்தி என்ற பேச்சு வராமல் இருக்குமா? கொட்டகை வாசலில் முத்திருளனும் செல்லத்தாயின் அண்ணன் பேச்சிமுத்துவும் மார் மோத நின்றார்கள்.

"எங்க தட்டுத்தான் மொத வந்துச்சு. எங்க மருமகன்தான் மொத உள்ள போகணும்!"

"வாடிவாசல்ல மாடு அவுக்கிற வம்சம்யா நாங்க. ஒரு சிலேட்டுக்குப் போயி உனக்குப் பின்னால வரவா? கிடாய் எங்கய்யா? உன் தட்டுல கிடாய் எங்க?" என்றான் பேச்சிமுத்து.

"கிடாயா படிக்கப் போகுது?"

கொட்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த மாமன்மாரெல்லாம் அப்படியே நின்றார்கள். முதல் மரியாதை முடியாமல் மற்றவன் கால் வைக்கக் கூடாது. தோளில் இருந்த பிள்ளைகள் மாலைப் பூவைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்துவிட்டன. கொட்டகைக்குள் இன்ஸ்பெக்டர் எழுந்தார். "வெறும் கொட்டகையைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?" என்று பின்பக்கம் நின்ற ஜட்கா வண்டிக்காரனைக் கூப்பிட்டார். வாத்தியார் தட்டி ஓரம் தலையை நீட்டி, இரண்டு கையையும் விரித்து 'போச்சு' என்று காட்டினார்.

அன்னக்கொடி ஜெயக்கொடியைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். இரண்டு மாமன்களுக்கும் நடுவில் போய் நின்றாள்.

"முத்திருளண்ணே! பேச்சிமுத்தண்ணே! முத்துத்தாயும் செல்லத்தாயும் எனக்கு அக்கா முறை. அவுகளுக்கு அண்ணன்னா நீங்க எனக்கு யாரு?"

"நாங்களும் அண்ணன்தான் தாயி. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப இவ உங்களுக்கு யாரு? காது குத்தையில இவளை மடியில வைக்க ஒரு ஆம்பளை வரலை. இன்னைக்கு ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் மாமன் வந்தாச்சு. இவ ஓட்டைச் சிலேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. மருமகன் மருமகன்னு சண்டை போடுறீகளே, மருமக நிக்கிறது கண்ணுல படலையா?"

ஜெயக்கொடி விரிசல் விட்ட சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். முத்திருளன் தோளில் இருந்த மருமகனை இறக்கிவிட்டான். ஆனால் பேச்சிமுத்து முந்திக்கொண்டான். குனிந்து அவளைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"நான்தான்யா தூக்குவேன்!"

"தூக்கிக்கோ. சிலேட்டு நான்தான் கொடுப்பேன்!" தன் தட்டில் இருந்த சிலேட்டை எடுத்து முத்திருளன் அவள் கையில் வைத்தான். "எங்க மருமகனுக்கு விளக்குத்தூண்ல வேற வாங்கிக்கிறோம். கொட்டுங்கய்யா!"

கொட்டு எகிறியது. குலவை நாகமலையில் போய் முட்டித் திரும்பியது. ஜெயக்கொடி முதலில் போனாள். பின்னாலேயே தோளோடு தோளாக எல்லா மாமன்களும் போனார்கள். ஜட்காவில் ஒரு கால் வைத்திருந்த இன்ஸ்பெக்டர் அந்தக் காலை இறக்கினார். பென்சிலை எடுத்து, "இந்தப் பிள்ளை பேரென்ன?" என்றார். அந்தக் கேள்விக்குத்தானே குதிருக்குள் ஒளித்தார்கள்? பேச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "ஜெயக்கொடி. நல்லா அழுத்தி எழுதுங்கய்யா. என் மருமக" என்றான். அடுத்தவன் சும்மா இருப்பானா? அவன் அதைவிடச் சத்தமாகச் சொன்னான். மொக்கைச்சாமி முன்னால் வந்து, மச்சான் தன் மகன் பெயரைச் சரியாகச் சொல்கிறானா என்று காதைக் கொடுத்துக் கேட்டான்.

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்தபோது முகமெல்லாம் வேர்வை, சட்டையெல்லாம் சந்தனம்.

"பள்ளிக்கூடம் இங்கேயே இருக்கும், வாத்தியாரே. ஆனா இத்தனை பிள்ளை இந்தக் கொட்டகையில அடங்காது. பக்கத்துல இன்னொண்ணு போட்டாகணும்."

அவர் வாயை மூடவில்லை. "முதல் கால் நாங்கதான் ஊனுவோம்" என்றான் முத்திருளன். "எங்க கிடாயை வெட்டாம எவன்யா கால் ஊனுறது?" என்று பேச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினான். வாத்தியார் அன்னக்கொடியிடம் ஓடிவந்தார்.

"தாயி, திரும்பவும் ஆரம்பிச்சுட்டாக. போயி விலக்கிவிடு தாயி!"

அன்னக்கொடி மகளிடமிருந்து வாங்கி மடியில் வைத்திருந்த ஓட்டைச் சிலேட்டை எடுத்துக் கூரையில் செருகினாள். உள்ளே மகள் புதுச் சிலேட்டில் ஏதோ எழுதத் தொடங்கியிருந்தாள்.

"விடுங்க வாத்தியாரய்யா" என்றாள். "எம்புட்டுச் சண்டை போடுறாகளோ அம்புட்டுப் பெருசா கொட்டகை வரும்."