வேலிக்கு வெளியே நின்ற ஆயாக் கொட்டகை

போன ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் தெமியாங்கில் மகன் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஏவுகணை வந்து சட்னிக் கிண்ணத்தில் விழுந்தது.

பயப்படாதீர்கள்... பேச்சில்தான்.

ஏதோ ஒரு பெரிய நாடு. எதிரி விடுகிற ஏவுகணையை வானத்திலேயே மறித்து நொறுக்க ஏற்பாடு செய்கிறதாம். அதற்குக் கொட்டுகிற பணத்தில் எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம், எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று இன்னொரு கோஷ்டி கேட்கிறதாம். பட்ஜெட் நேரம் அல்லவா? இரண்டு கட்சியும் டிவியில் மோதிக்கொண்டதை மகனும் மருமகளும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் அதோடு தூங்கப் போயிருக்கலாம்.

மகன் முருகேசு கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தவன். இப்போது சொந்தமாக ஒரு செக்யூரிட்டி கம்பெனி நடத்துகிறான். கேட், கேமரா, காவலாள் – இதுதான் அவன் உலகம். மருமகள் சரோஜா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்தவள் நான்தான். பட்ஜெட் பொருத்தம் பார்க்கத் தோன்றவில்லை.

“உசுரு இருந்தாத்தானே ஆஸ்பத்திரிக்குப் போவ முடியும்? மொதல்ல பாதுகாப்பு லா. மத்ததெல்லாம் அப்புறம்” என்றான் அவன்.

“எங்க வார்டுல ஒரு கட்டில்ல ரெண்டு புள்ளைங்களப் போட்டு வச்சிருக்கோம். மேல ராக்கெட்டு வராமப் பாத்துக்கிட்டா கீழ காய்ச்சல் எறங்கிருமாங்க?” என்றாள் அவள்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “அம்மா, நீங்களே சொல்லுங்க. வாராவாரம் பத்திரிகையில எழுதி ஊருக்கெல்லாம் சொல்றீங்களே.”

மாட்டிக்கொண்டேன். வாயில் தோசை இருந்ததால் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றேன். பாதுகாப்புக்கு வக்காலத்து வாங்குகிற இந்த ஆசாமி, இதே வழக்கில் ஏற்கெனவே ஒரு முறை சிக்கியவன். அப்போது அவனுக்கு எட்டு மாதம். பாவம், அவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?

வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக எமர்ஜென்சி போட்டிருந்த காலம். லாபுவுக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்மரம் சீவிப் பால் எடுக்கிற வெட்டுக்காரி. என் வீட்டுக்காரர் அங்கே மண்டோர்... வெட்டுக்காரர்களை மேய்க்கிற வேலை. காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள், வெளியே துப்பாக்கியோடு சர்க்கார். நடுவில் கித்தா மரமும் நாங்களும்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மண்டோரைக் காட்டிலிருந்து வந்தவர்கள் விடியற்காலையில் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கதவு தட்டும் சத்தம் கேட்டால் விளக்கை ஊதி அணைத்துவிடுவார். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். வேலி அடித்து முடித்த அன்றுதான் பல மாதம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆபீஸ் உள்ளே, ஸ்டோர் உள்ளே, புகைக்கூடம் உள்ளே, கடை உள்ளே, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் உள்ளே. தள்ளியிருந்த இன்னொரு டிவிஷன் ஆட்களையும் கொண்டுவந்து உள்ளே அடைத்தார்கள். ஓர் அறைக்கு இரண்டு குடும்பம். காலையில் ஆளெடுக்கிற பெரட்டுக் கொட்டகையில் காவலுக்கு வந்த எஸ்.சி.க்காரர்கள், அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள், தங்கிக்கொண்டார்கள். அவர்கள் அக்கம்பக்கத்துக் கம்பங்களிலிருந்து, மலாய்க் கிராமங்களிலிருந்து, வந்த இளைஞர்கள்.

ஆயாக் கொட்டகை மட்டும் வெளியே.

அம்மாமார்கள் வெட்டுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. லயத்தைத் தாண்டி, அல்லூர் என்கிற ஒரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பலாமரத்தடியில் இருந்தது. அதையும் சேர்க்க வேண்டுமென்றால் வேலி வளைந்து போக வேண்டும். வளைக்கக் கம்பி போதவில்லை. வேலி நேராக வந்தது... பிள்ளைகள் வெளியே போனார்கள். அவ்வளவுதான் விஷயம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

அடுத்து வந்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடு. வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக்கூடாது. போனால் காட்டுக்குப் போய்விடும். அரிசி கூடாது, ரொட்டி கூடாது, டின் பால் கூடாது. வெட்டுக்குப் போகிற எங்களையே கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். நாங்கள் பால் கலக்காத வெறும் வரக்கோப்பியோடு போவோம், பால் எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பிய பிறகுதான் பசியாறுவோம். பெரியவர்கள் சரி, சமாளித்தோம். வெளியே கொட்டகையில் கிடக்கும் பிள்ளைகள்?

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் அங்கம்மா. நாங்கள் எல்லாரும் அவரை ஆயாம்மா என்போம். தினமும் கஞ்சி காய்ச்சி ஒரு தூக்குச்சட்டியில் கொண்டுபோவார். சட்டம் வந்த முதல் நாள் கேட்டில் நிறுத்தினார்கள். பெண்களைச் சோதனை போட ஒரு பெண் இருந்தாள். அவள் சட்டியைத் திறந்து பார்த்தாள்.

“கஞ்சி போவக்கூடாது ஆயாம்மா. ஆர்டர்.”

“யாருக்குடி ஆர்டரு? பல்லு மொளைக்காத புள்ளைங்க, துப்பாக்கியா தூக்கப் போவுது?”

“நான் என்னா செய்ய? வுட்டா என் வேலை போயிரும்.”

கஞ்சியை மண்ணில் ஊற்றினாள். அவள் முகமும் நன்றாக இல்லை, அதையும் பார்த்தேன். நானே அரைப் பட்டினி. எனக்கு எங்கே பால் ஊறும்? என் எட்டு மாதப் பிள்ளைக்கு அந்தக் கஞ்சிதான் ஆதாரம். மத்தியானம் போய்த் தூக்கினால் அழக்கூடத் தெம்பில்லாமல் என் சட்டையைச் சப்புவான். கன்னம் வற்றிப்போயிற்று. இப்படியே போனால் பிள்ளை தங்காது என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

வெட்டுக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாம் என்றால் சம்பளம் இல்லை. லயத்து அறைகளில் எங்காவது பிள்ளைகளை வைக்கலாம் என்றால் கால் நீட்ட இடமில்லை. கிராணியிடம் போனோம். கணக்குவழக்கெல்லாம் அவர் கையில்.

“இந்த வருச எஸ்டிமேட் பூரா வேலிக்கும் காவலுக்கும் போயிருச்சிம்மா. கொட்டகைக்குத் தொரை அடுத்த வருசம் பாப்பாரு.”

“பசி அடுத்த வருசம் வரைக்கும் தாங்குமாங்கய்யா?” என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனுஷர்தான்.

எஸ்டிமேட் என்றால் தெரியுமல்லவா? தோட்டத்துக்கு அதுதான் பட்ஜெட். பட்ஜெட்டில் இல்லாத பசியை யாரும் பார்க்க முடியாது.

கஞ்சி ஊற்றப்படுவதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவர் கேட்டில் காவல் இருந்த கார்ப்பரல் யூசோப். ஒரு நாள் ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் கொட்டகையைக் காட்டினார். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. அதன் கால்கள் மண்ணில் புதையாமல் கல்மேல் நின்றன. “ரூமா அங்காட் லா” என்றார். வீட்டைத் தூக்கு என்று அர்த்தம். அவர்கள் கம்பத்தில் வீடு மாறுவது என்றால் சாமானை மட்டும் மாற்ற மாட்டார்களாம். ஊரே கூடி வீட்டையே தூக்கிக்கொண்டு போகுமாம். வேலியை நகர்த்தப் பணம் வேண்டும், வீட்டை நகர்த்தத் தோள் போதும் என்றார்.

அடுத்த லீவு நாளில் தூக்குவது என்று முடிவாயிற்று. தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரை அன்று காலையிலேயே சிரம்பானுக்குப் போய்விட்டார். கிராணியிடம் சொன்னோம். “இன்னிக்கு எனக்கும் லீவு. நான் ஒன்னும் பாக்கல” என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாத்துவதற்கு முன் நல்ல மூங்கில் எங்கே கிடக்கிறது என்று சொன்னார்.

தேங்காய் உடைக்காமல் கொட்டகையைத் தொட விடமாட்டேன் என்றார் ஆயாம்மா. தேங்காய் சாப்பாட்டுச் சாமான், வெளியே விடமாட்டேன் என்றாள் சோதனைக்காரப் பெண். கடைசியில் கொட்டகைக்கு வெளியே சூடம் காட்டி, கேட்டுக்கு உள்ளே தேங்காய் உடைத்தோம். சாமி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று ஆயாம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

தரைக்கு அடியில் மூங்கில் கட்டினார்கள். எங்கள் ஆட்கள் ஒரு பக்கம், எஸ்.சி.க்காரர்கள் ஒரு பக்கம். இரண்டு பேர் மட்டும் வேலிக்கு உள்பக்கம் துப்பாக்கியோடு நின்றார்கள். யூசோப் “சத்து... டுவா...” என்று எண்ணினார். எங்கள் ஆட்கள் மூன்று வரைக்கும் காத்திருக்கவில்லை. கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, நடக்க ஆரம்பித்தது. உள்ளே காலித் தொட்டில்கள் தானாக ஆடிக்கொண்டு வந்தன. நாங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நின்று பார்த்தோம்.

அல்லூரைத் தாண்டியாயிற்று. மேடு ஏறியாயிற்று. கேட்டுக்கு வந்தது.

நுழையவில்லை.

கேட் லாரிக்காகப் போட்டது. கொட்டகை அதைவிட அகலம். இந்தப் பக்கமும் இடித்தது, அந்தப் பக்கமும் இடித்தது. இத்தனை பேரில் ஒருவருக்கும் கேட்டை அளக்கத் தோன்றவில்லை. மரத்துப் பட்டை எவ்வளவு ஆழம் சீவியிருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்கிற என் வீட்டுக்காரர் அப்போதுதான் கேட்டை முழம் போட்டுப் பார்த்தார். தோள் வலித்தவர்கள் கொட்டகையைக் கேட்டுக்குக் குறுக்காக அப்படியே இறக்கிவிட்டார்கள். கம்பியைக் கழற்ற வேண்டுமென்றால் துரை உத்தரவு வேண்டும் என்றார் யூசோப். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் துரையின் காடி வந்தது.

சுற்றிலும் இரும்புத் தகடு அடித்த மோட்டார் கார். வெயிலில் உள்ளே இருந்தால் வெந்துவிடும். துரை கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தார். கொட்டகை நகரவில்லை. இறங்கினார்.

“என்னா இது மண்டோர்?” துரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும்.

“ஆயாக் கொட்டகைங்க தொரே” என்றார் என் வீட்டுக்காரர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“நான் உள்ளே போக வேணும்.”

உள்ளேயிருந்து ஆயாம்மா சொன்னார். “புள்ளைங்களுக்கும் அதே கதைதாங்க தொரே. இது வெளிய இருக்குது, கஞ்சி உள்ள இருக்குது.”

துரை கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். முன்னால் கொட்டகை. பின்னால் வரிசையாகக் கித்தா மரம், அதற்குப் பின்னால் காடு. திரும்பிப் பார்த்தார். காடியில் ஏறி உட்கார்ந்தார், புழுக்கம் தாங்காமல் இறங்கினார். மறுபடியும் திரும்பிப் பார்த்தார். எங்கள் வேலியை நாங்கள் வெளியிலிருந்து தினமும் பார்த்தவர்கள். துப்பாக்கித் துணை இல்லாமல் அவர் அதை அப்படிப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

காடியின் பின் சீட்டில் ரொட்டியும் டின் பாலும் இருந்தன. “வெளிய டின் பாலு நிக்கிது பாரு. போய் மண்ணுல ஊத்திட்டு வா” என்று ஆயாம்மா சோதனைக்காரப் பெண்ணின் காதில் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரை மணி நேரம் இருக்கும். துரை யூசோப்பைக் கூப்பிட்டார். “கம்பியைக் கழட்டு.”

கேட்டுக்குப் பக்கத்து வேலிக்கால் இரண்டைப் பிடுங்கினார்கள். கொட்டகை உள்ளே போயிற்று. அதன் பின்னாலேயே துரையும் போனார். பொழுது சாய்வதற்குள் கம்பியை மறுபடியும் இழுத்துக் கட்டினார்கள். எஸ்டிமேட்டில் ஒரு வரி மாறவில்லை.

மறுநாள் ஆயாம்மாவின் சட்டிக்கும் பிள்ளைகளின் வாய்க்கும் நடுவில் கேட் இல்லை. மத்தியானம் நான் ஓடிவந்தபோது என் பிள்ளை வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, மூக்கில் கஞ்சி காய்ந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று ஒரு பழமொழி உண்டே... எங்கள் வேலி அப்படிப்பட்ட துரோகி இல்லை. ஒழுங்காகக் காவல் காத்தது. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பயிரை வெளியே விட்டுவிட்டோமா என்று மட்டும் அது பார்க்கவில்லை. பார்ப்பது வேலியின் வேலையா, வேலி போட்டவர் வேலையா?

இந்தக் கதையை மகனுக்கும் மருமகளுக்கும் சொல்லி முடித்தபோது தோசை ஆறிப்போயிருந்தது. சரோஜா ஜெயித்த முகத்தோடு புருஷனைப் பார்த்தாள். முருகேசு விடவில்லை.

“அப்ப அப்பாவுக்கு வேலி வேணாமா இருந்துச்சாம்மா?”

“வேணும்டா. அதான் வம்பே.”

“அப்ப தீர்ப்பு?”

எனக்கு என்ன தெரியும்? ஏவுகணையையும் தெரியாது, அதை மறிக்கிற வித்தையும் தெரியாது. ஒன்று மட்டும் தோன்றுகிறது. பட்ஜெட் போடுகிறவர்களை, எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓர் அரை மணி நேரம் வேலிக்கு வெளியே நிறுத்திவைக்க வேண்டும்.

அவர்களுக்குக் கஞ்சி நானே கொண்டுவந்து தருகிறேன்... கேட்டில் விட்டால்.