இராமாயி அக்காளின் கொள்ளுச் சட்டி

இராமாயி அக்காளின் அடுப்பை அணைத்தது நாம்தான். முதல் தண்ணீரை ஊற்றியவன் நான்.

அவர் போய்விட்ட செய்தி நுவரெலியா மரக்கறிச் சந்தையில் கிடைத்தது. லிந்துலையிலிருந்து வந்த லாரிக்காரர் முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கியபடியே, "காம்பரா அக்கா போயிட்டாங்க, தெரியுமா?" என்றார்.

தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் காம்பராவை அவர்தான் பார்த்துக்கொண்டார். லயத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு ஒரு பிடி கொள்ளோ பயறோ வாங்கி அவித்துக் கொடுப்பார். "பருப்பு பயறெல்லாம் தீவாளிக்குத்தானே அக்கா" என்று இழுத்தவளிடம், "தீவாளி வர்ற வரைக்கும் ஒம் புள்ள வளராம நிக்குமா ஆத்தா?" என்று கேட்டார். "மாவு ரொட்டி வயித்த அடைக்கும். பயறுதான் புள்ளைய நிமித்தும்" என்பார்.

கூலி உயர்வு கேட்டு நாம் கூடிய கூட்டத்தில் நான் கத்தினேன்: "தொரையோட குதிர திங்கிற கொள்ள நம்ம புள்ளைங்களுக்குப் போடுறாங்க. நாம என்ன குதிரையா?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அந்தக் கொள்ளு தோட்டத்துத் துரை கொடுத்ததல்ல, நம் வீடுகளின் பிடி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

மறுநாள் ஒரு பிடியும் வரவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் அவருக்குக் "குதிரைக்காரி" என்று பெயர் விழுந்தது.

அவர் என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை.

"கூலியக் கேளுங்க தம்பி, நல்லாக் கேளுங்க. அது வர்ற வரைக்கும் புள்ளைக என்னத்தத் திங்கும்? அதே எடத்துல நின்னு மாத்திச் சொல்லுங்க."

"அடுத்த கூட்டத்துல பாப்போம் அக்கா" என்றேன்.

எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. பேசினேன். அதை மட்டும் பேசவில்லை. அவர் தன் வீட்டிலிருந்த கொள்ளுப் பயறை ஒரு சின்னச் சட்டியில் அவித்து, வீட்டார் தடுக்காத நாலைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார்.

அடக்கம் முடிந்து காம்பராவுக்குப் போனோம். அவர் கடைசியாக ஊறவைத்த கொள்ளு துணி மூட்டைக்குள் முளைவிட்டிருந்தது. அந்தச் சட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுவும், நான் மாற்றிச் சொல்லாத அந்த வார்த்தையும்தான்.

அங்கேயே சொன்னேன்: "அன்னைக்கு நான் சொன்னது பொய். நாளைக்கு இந்த அடுப்பு எரியணும். மொதப் பிடிய நான் போடுறேன். ரெண்டாவது பிடி எந்த வீட்டுலேருந்து வரும்?"

ஒவ்வொருவராக லயத்துக்குத் திரும்பினார்கள். இப்போது எழுத்திலும் கேட்கிறேன்.

இரண்டாவது பிடி எந்த வீட்டிலிருந்து வரும்?