கார்பெட்டுக்குப் பயந்து போட்ட டயப்பர்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமையில், மகள் மதுராவுக்கு எது வாங்கினாலும் பாக்கெட்டில் உள்ளதை முழுவதும் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். டயப்பர் பாக்கெட்டில் 'நெடுநேரம் ஈரம் தெரியாது' என்று இருந்தது. நம்பினேன்.

ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரின் கிரெய்கிபர்ன் பகுதியில் எங்களுடையது வாடகை வீடு. தரை முழுக்க வெளிர்நிறக் கார்பெட்.

"வாடகை ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வர்றப்ப கறை இருந்தா மாட்டிக்குவோம். டயப்பரைக் கழட்டாத" என்றார் கணவர். ஏழு மாதக் குழந்தை இரவும் பகலும் டயப்பரோடுதான் கிடந்தாள்.

தொடை சிவந்தபோது ஜிங்க் கிரீம் பூசினேன். ஒரு வாரமாகியும் குறையவில்லை. சிறுநீர் பட்டாலே அலறினாள். பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மடிப்புக்குள்ளயும் சிவந்திருக்கு, சுத்திவரப் புள்ளி புள்ளியா இருக்கு. இது பங்கஸ், பிள்ளை. வெறும் ஜிங்க் கிரீமுக்கு இந்தப் புண் மாறாது. காத்துப் பட விடுறேல்லையோ?"

"வீட்ல கார்பெட், டாக்டர்."

"கார்பெட்டைக் கழுவலாம்தானே."

அவர் தந்த பூஞ்சை மருந்தில் புண் ஆறியது. பிறகு மதுராவின் காதுவலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தபோது, அந்த மருந்தாலேயே பூஞ்சை திரும்ப வந்தது. இப்போது மூன்றாவது முறை. இனி வராது என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இப்போதெல்லாம் ரப்பர் ஷீட் விரித்து, ஹீட்டர் போட்டு, தினமும் கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் விடுகிறேன். நனைந்த உடனே மாற்றுகிறேன். மடிப்பில் சிவப்பு தெரிந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுகிறேன். ஆனாலும் டயப்பரின் ஒட்டும் பட்டையைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே, நான் தொடுவதற்கு முன்பே, மதுரா கால்களை இறுக்கிக்கொள்கிறாள்.