பால்வாடித் தெருவில் ஒரு பகல்

கோவையில் ஒரு கல்யாணம். மறுநாள் கிளம்புவதற்குள் அரை நாள் மிச்சமிருந்தது. சூலூரில் பஸ் மாறி, பத்தாம் வகுப்போடு விட்டுப்போன எங்கள் ஊரில் போய் இறங்கினேன்.

அம்மா அங்கே பால்வாடி டீச்சர். அதனால் எங்கள் தெருவுக்கே பால்வாடித் தெரு என்று பெயர். நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் இடத்தில் இப்போது மாடி வீடு நின்றது. மனைவிக்குக் காட்டலாம் என்று போனில் படம் எடுத்தேன். வாசலில் ஒரு சின்னப் பெண் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாரு இருக்காங்க கண்ணு?" என்று கேட்டேன். அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

நான் நாலு வீடு தள்ளிப் போவதற்குள் ஒரு பைக் குறுக்கே வந்து நின்றது.

"ஏனுங்க, புள்ளைய எதுக்குங்க போட்டோ புடிச்சீங்க?"

"வீட்டைத்தாங்க எடுத்தேன். சின்ன வயசுல நாங்க அங்கதான் இருந்தோம்."

"அது எங்கூடுங்க. நாங்க வாங்கிக் கட்டுனது."

அவர் கை நீட்டினார், போனைக் கொடுத்தேன். படத்தின் ஓரத்தில் அந்தப் பெண் இருந்தாள். அதற்குள் பக்கத்துத் தறிக்கூடத்திலிருந்து நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். பிள்ளை பிடிக்கிற ஆள் சுற்றுவதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, அது இவன்தான் என்றான் ஒருவன். இன்னொருவன் என் தோள்பையைப் பிடுங்கித் திறந்தான். கல்யாண வீட்டில் கொடுத்த சாக்லெட்டுகள் கீழே சிதறின.

"சாக்லெட்டு வேற வெச்சிருக்கறான் பாரு. யார்றா நீ?"

அதுவரை என்னிடம் பேசிய எல்லோரும் மரியாதைக்கு 'ங்க' போட்டார்கள். இப்போது அது நின்றுவிட்டது. யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்தார்கள். இப்படிப்பட்ட கூட்டம் ஒரு ஆளை அடித்துக் கொன்ற செய்திகளை நான் படித்திருக்கிறேன். ஓடினால் முடிந்தது என்று தெரிந்தது.

"நா இந்த ஊருங்க" என்றேன்.

"அப்ப உன்னத் தெரிஞ்சவங்க ஒருத்தரச் சொல்லு."

வாயில் வந்தவர்களெல்லாம் செத்துப்போனவர்கள். மளிகைக்கடைக்காரர், தபால்காரர், கணக்கு வாத்தியார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, சுற்றியிருந்த முகங்கள் இறுகின. கடைசியில் என்னோடு படித்த பெண் நினைவுக்கு வந்தாள். அவள் அப்பா மாவு மில் வைத்திருந்தார்.

"மில்லுக்கார அக்காளா? கூட்டியா போ" என்று ஒருவனை அனுப்பினார்கள்.

அவள் வரும்வரை என்னைச் சுவரில் சாய்த்து நிறுத்தினார்கள். வந்தாள், கையெல்லாம் மாவு. என்னை மேலும் கீழும் பார்த்தாள். தெரியவில்லை என்று தலையாட்டினாள். காலரில் இருந்த கை இறுகியது.

"பால்வாடி டீச்சர் மகனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன சொன்னீங்க?" என்றாள்.

"பால்வாடி டீச்சர் மகன்."

அவள் கிட்டே வந்து முகத்தையே பார்த்தாள். "அட, டீச்சரு மகனா! அதே மூக்கு!" என்றவள் திரும்பினாள். "உடுங்கடா கைய. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு 'அ' எழுதக் குடுத்த டீச்சரு மகன்டா இது!"

மில்லில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தேன். "டீச்சரு சௌக்கியமா?" என்றாள். போன வருடம் இறந்துவிட்டார் என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பைக்கில் வந்தவர் போனையும் தோள்பையையும் கொண்டுவந்து கொடுத்தார். "மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. பொட்டப்புள்ளய வெச்சிருக்கறோம், பயமா இருக்குதுங்க."

பரவாயில்லை என்று சொல்ல நினைத்தேன். போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மில்லுக்காரி பஸ் ஏற்றிவிட்டு, "இன்னொருக்கா வாரப்ப நேரா மில்லுக்கு வந்துருங்க" என்றாள். சரியென்று தலையாட்டினேன். பஸ் சூலூர் சேரும்வரை சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அந்த ஊருக்கு இதுவரை மறுபடி போகவுமில்லை.