மலைத்தீ வருமா? இணையத்தில் பார்க்கவும்

மலையில் எங்கே தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வது ஒரு விநோதமான தொழில். பிடிக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, பிடிக்குமா என்று நாம் காத்திருக்க வேண்டும். யாரும் படிக்காத அறிக்கையை வாராவாரம் தயாரிக்கும் புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இந்த அவஸ்தை புரியும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் வேலூரில் ஒரு சிறிய சுற்றுச்சூழல் சங்கத்தில் நான் கணினி ஆள். வெயில், காற்று, காய்ந்த புல், பழைய தீ விவரம் எல்லாவற்றையும் ஒரு கணிப்பு மாதிரியில் போட்டால், அது ஆம்பூர்ப் பக்கத்து மலைகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஆபத்தான கட்டத்துக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்துக் கொடுக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வரைபடத்தையும் மாதிரியையும் இணையத்தில் ஏற்றுவோம். நிதி கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். கோடை முடிவதற்குள் ஒரு கணிப்பாவது பலிக்க வேண்டும், இல்லையென்றால் இணையப் பக்கத்தை மூடிவிடுவார்கள். பக்கத்தோடு என் வேலையும் போய்விடும்.

ஃபேக்ஸில் போன மலை

எங்களை முதலில் நம்பியவர் வனத்துறை ஃபாரஸ்டர் ஒருவர். மாதனூருக்கு மேலே ஒரு சரிவில் அவர் கன்று நட்டு, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சரிவு என்ன நிறம் என்பதுதான் அவர் கவலை. அவர் ஆபீசில் இணையம் கிடையாது, ஃபேக்ஸ் உண்டு.

அனுப்பினேன். ஃபேக்ஸுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், இரண்டும் கறுப்பு என்பது எனக்கு உறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் போன் வந்தது. "இன்னா சார், எரியப்போவுதான்னு கேட்டா, எல்லா மலையும் எரிஞ்சு முடிஞ்ச மாதிரி அனுப்பியிருக்கீங்க?"

பச்சை கேட்டவர்

அடுத்து வந்தவர் ஒரு ஷூ கம்பெனி மேனேஜர். அவர்கள் தொழிற்சாலை மலையடிவாரத்தில் இருந்ததால் சிவப்புக் கட்டத்துக்குள் விழுந்திருந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு, சரக்கு பத்திரமா என்று கேட்டிருக்கிறார். காற்றும் புல்லும்தான் நிறத்தை முடிவு செய்கின்றன, நான் இல்லை என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் கரெக்ட் சார். மலைக்கு எவ்ளோ சிவப்பு வேணும்னாலும் அடிங்க, கம்பெனி மேல மட்டும் கொஞ்சம் பச்சை போடுங்க."

ஒழுக்கமான தீ

எங்கள் மாதிரியை உண்மையில் எடுத்து ஓட்டிப் பார்த்தவர் ஒரே ஒருவர், கடல் கடந்த தேசத்து ஆராய்ச்சி மாணவர். மழை மாதத்தில் எங்கள் கணிப்பு மாதிரி மலையுச்சிகளுக்கெல்லாம் சிவப்பு காட்டுவதை அவர்தான் கண்டுபிடித்தார். 'மலையில் தீ தெரிகிறது' என்று ஜனங்கள் போனில் சொன்னதையெல்லாம் நாங்கள் பழைய தீக் கணக்கில் சேர்த்திருந்தோம். கார்த்திகை தீபமும் அதில் சேர்ந்துகொண்டது.

அவர் எழுதிய மின்னஞ்சலைச் சங்கத்தை நடத்திய எங்கள் புரொபசர் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். "உங்கள் ஊர்த் தீ மிகவும் ஒழுக்கமானது. ஆண்டுக்கு ஒருமுறை, எல்லா உச்சிகளிலும், ஒரே மாலையில் பிடிக்கிறது. காரணம் அறிய ஆவல்."

கணிப்பு பலித்தது

இணையம் பார்க்காதவர்களுக்காக, மாதனூரில் ஷூ கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் வரைபடத்தை ஒட்டினோம். கோடை பாதி கடந்தும் எங்கும் எரியவில்லை. காட்டுக்கு நல்லதுதான், என் வேலைக்குத்தான் நல்லதில்லை. காலையில் எழுந்ததும் மலைப்பக்கம் புகை தெரிகிறதா என்று ஆசையாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

கடைசியில் எரிந்தது. சிவப்புக் கட்டத்துக்குள், அச்சாக அதே இடத்தில். ஃபாரஸ்டரின் கன்றுகள் நின்ற சரிவு அது. போன் செய்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். புரொபசர் இனிப்புக்கு மக்கன் பேடா வாங்கிவந்தார். நிதி நீட்டிக்கப்பட்டது.

இணையப் பக்கத்தில் போடப் படம் எடுக்க மாதனூர் போனேன். வரைபடக்காரர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆடு வளர்ப்பவர் ஒருவர் தேடிவந்து டீ வாங்கிக் கொடுத்தார். காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால், கோடை மழைக்கு ஆடுகள் மேயப் புதுப்புல் துளிர்க்குமாம். பஸ்ஸுக்கு நின்ற அவர் மகள் சிவப்பு எது, பச்சை எது என்று பார்த்துவந்து சொல்லியிருக்கிறாள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "வருசா வருசம் பாதிப் பொட்டி குச்சியாவது கிழிப்பேன் சார், பத்தறதுக்குள்ள பேஜாராப் பூடும். இந்த வாட்டி நீங்க சிவப்பு போட்ட எடமாப் பாத்து வெச்சேன், ஒரே குச்சிதான். அடுத்த வருசமும் மறக்காம ஒட்டுங்க."

அடுத்த வாரம் அந்தச் சரிவுக்கு எங்கள் கணிப்பு மாதிரி தானாகவே பச்சை அடித்துக் கொடுத்தது, எரிய அங்கே எதுவும் மிச்சமில்லாததால்.