ஆறு பெற்றவள்

என் அம்மா ஆறு பெற்றவள் என்று அறுபத்திரண்டு வயது வரை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறும் மலையாளம் கலந்த தமிழ் பேசுகிற இந்தக் கரமனையில், இதே வீட்டில், இரண்டாம் கட்டில் இருக்கும் சின்ன அறையில், டாக்டர் முகமே பார்க்காமல். ஆபீஸில் யாராவது பிரசவ லீவுக்கு எழுதிக்கொண்டு வந்து நின்றால், சூப்பிரண்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. "எங்கம்மா இட்லிக்கு அரைச்சு வெச்சுட்டுப் போய்ப் பெத்தா" என்பேன். சின்னப் பெண்கள் பாவம், சிரித்து வைப்பார்கள். லீவு கிடைக்க வேண்டுமே.

ரிட்டயர் ஆன பிறகு எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அதே வேலை. ஃபிரிட்ஜ் இல்லாமல், மினரல் வாட்டர் இல்லாமல், ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தோமே, நமக்கு என்ன கேடு வந்தது என்று வாரத்துக்கு ஒரு செய்தி சுற்றும். நானும் ஒரு கைகூப்புப் படத்தைப் போட்டு அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவேன். அதைப் படித்துத் தலையாட்டுகிறவர்கள் எல்லோரும் கேடு வராமல் தப்பித்தவர்கள்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. புத்தி அவ்வளவுதான்.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கப்படி சீமந்தம் முடிந்து இங்கே வந்தாள். பெட்டியை வைத்த மூன்றாம் நாள் காலை, காப்பி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் ஹாஸ்பிட்டலுக்குப் போகப் போறதில்லை. இங்கதான், பாட்டி பெத்த ரூம்லயே பெத்துக்கப் போறேன். ஒருத்தர்கிட்ட பேசி வெச்சிருக்கேன், வீட்டுக்கே வந்து பிரசவம் பாத்துடுவா."

"என்னடீ பறயறே?"

"நீதானே எப்பவும் சொல்லுவே, பாட்டி ஆறும் அப்படித்தான் பெத்தான்னு. அதே உடம்புதானேம்மா எனக்கும். பேடிக்காதே, பயமே வேண்டாம், ஒரு கொழப்பமும் வராது."

மூச்சு விடுவதற்குக்கூட அவள் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்திருந்தாள். காலையில் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்கு போன் போட்டால், "அவ இஷ்டம்மா" என்று கழன்றுகொண்டார். நான் கத்திப் பார்த்தேன். என் வாய் வார்த்தையையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுக்கிறவளிடம் கத்தி என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. அதற்குத்தான் வாய் வரவில்லை. அவளுக்கு முன்னால் எனக்கு ஒரு பையன் பிறந்து நாலாம் நாள் போய்விட்டான். அவளுக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை, அவள் அப்பாவும் சொல்லவில்லை. அவர் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

வலியசாலையில் என் சித்தி இருக்கிறாள். அம்மாவின் தங்கை, எண்பத்தெட்டு வயது. சித்தி சொன்னால் கேட்பாள் என்று நம்பி மகளை ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனேன். போன இடத்தில் அவளோ தன் மூச்சு வகுப்புக் குழுவில் வீடியோ போடுவதற்காக போனை சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"சித்திப்பாட்டி, எங்க பாட்டிக்கு எத்தனை பிரசவம்? எல்லாம் வீட்டுலயா?"

"ஆறாக்கும். எல்லாம் ஆத்துலதான்." சித்தி பயற்றங்காயை ஒடித்துக்கொண்டே உற்சாகமாகப் பேசினாள். "வலி கண்டா வயத்தாட்டிக்கு ஆள் விடுவா. வயத்தாட்டி வரச்சே பாதி வேலை ஆயிருக்கும். பின்னே எண்ணெய், வெந்நீர், மிளகு ரசம். பத்து நாள்ல அக்கா எழுந்து நடப்பா. இப்போ உள்ளவாளுக்கு எல்லாத்துக்கும் கத்தி வேணும்."

பிரசவம் பார்க்கிறவளை இந்தப் பக்கம் வயத்தாட்டி என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அதற்குள் மாப்பிள்ளையிடமிருந்து போன் வர, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

சித்தி குரலைத் தாழ்த்தினாள். "பாக்கி அஞ்சையும் பறஞ்சா பொண்ணு பேடிச்சுடும். வயத்துப் பிள்ளைக்காரி. அதான் பறயலை."

"எந்த அஞ்சு, சித்தி?"

ஒடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "நோக்குத் தெரியாதா? அக்கா பதினொண்ணாக்கும் பெத்தா. நாலு, பேர் இடறதுக்கு முன்னாடியே போயிடுத்து. பேர் இடாததை எண்ணப்படாது கேட்டியா. ஒண்ணு மட்டும் ஒண்ணரை வயசு வரைக்கும் இருந்தது. நன்னா ஓடிண்டிருந்தது. பேதி கண்டு ஒரே பகல்ல போச்சு."

"அதுக்குப் பேர் இட்டிருப்பாளே?"

"இட்டாளே, உங்கப்பாவோட அம்மா பேர். அந்தப் பேர் ஆத்துல வேணுமோன்னோ? அதான் அடுத்த வருஷம் நீ பொறந்தப்போ நோக்கு இட்டா. பின்னே அதையும் தனியா எண்ணலை."

முப்பது வருஷம் ஃபைல்களில் நான் கையெழுத்தாகப் போட்ட பேர், எனக்கு முன்னால் இன்னொருத்தி கூப்பிட்டால் திரும்பிப் பார்த்த பேர். என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அம்மாவுக்கு எவள் நினைவுக்கு வந்திருப்பாள்?

"ஏன் சித்தி யாரும் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது? பேர் இடற பதினோராம் நாள் தாண்டினாத்தான் கணக்கு. அதுகளுக்குத் திவசம் உண்டா, ஒண்ணு உண்டா? எல்லா ஆத்துலயும் உள்ளதுதானே. நேக்கும் ரெண்டு போச்சு." சித்தி மறுபடி பயற்றங்காயை எடுத்துக்கொண்டாள். சித்திக்கு மூன்று பிள்ளைகள் என்றுதான் நான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில் சாமான் வாங்க வேண்டும் என்று ஆட்டோவை ஆரியசாலைப் பக்கம் விடச் சொன்னேன். ஒரு பழைய பாத்திரக் கடை வாசலில் ஓட்டை உருளியும் நசுங்கிய அண்டாவும் எடைக்குக் குவிந்து கிடந்தன. என் வீட்டில் அம்மா கொடுத்த உருளி ஒன்று இன்னும் அடுப்பில் ஏறுகிறது. அதைக் காட்டி, அந்தக் காலத்துச் சாமான் கெட்டி என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன்! விரிசல் விட்டதும் உடைந்ததும் இந்த மாதிரிக் கடைக்கு எப்போதோ போய்விட்டன, அதனால்தான் கெட்டியானது மட்டும் என் கண்ணில் படுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மனிதர்கள் விஷயத்திலும் அதே மடத்தனம்தான். என் சின்ன வயதில் எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் இளையாள் இருந்தாள். இரண்டாம் தாரத்தை அப்படித்தான் சொல்வார்கள். அந்த மாமாக்களுக்கு அடித்த யோகம் என்று நாங்கள் கேலி பேசிச் சிரித்திருக்கிறோம். மூத்தாள் எங்கே போனாள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. அவர்களில் ஒருத்தியாவது பிரசவ அறையிலிருந்து எழுந்து வந்திருந்தால், டாக்டர் இல்லாத அந்த நாளைப் பற்றி வாட்ஸ்அப்பில் வேறு விதமாக எழுதியிருப்பாள். வரவில்லையே. பிழைத்தவர்கள் நாங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டோவில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சித்தி பேசியதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு முப்பத்தாறு வருஷத்துக்கு முந்தைய ஒரு பகல் கண்ணில் நின்றது.

அன்று காலை ஏழு மணிக்கு எனக்கு வலி கண்டது. கணவருக்கு நாகர்கோவிலில் வேலை. ஆஸ்பத்திரி இங்கிருந்து கால் மணி நேரம். ஆட்டோ கூப்பிட அப்பா செருப்பைக்கூட மாட்டிக்கொண்டுவிட்டார். அம்மா தடுத்தாள். "தலைப்பிரசவம், இப்போ ஒண்ணும் ஆகாது. அங்க போய் வெறுதே கிடக்கணுமா? ஆறு பெத்தவ சொல்றேன்." அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். நானும் நம்பினேன். ஆறு பெற்றவளுக்குத் தெரியாதது டாக்டருக்குத் தெரிந்துவிடுமா? பத்து மணிக்கு வெந்நீர். பன்னிரண்டு மணிக்கு நான் கத்தினேன். "ஒவ்வொண்ணுக்கும் இதைவிட அனுபவிச்சிருக்கேன்" என்றாள் அம்மா. நாலு மணிக்கு எனக்கு நினைவு தப்பிய பிறகுதான் ஆட்டோ வந்தது.

பையன் அழாமல் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டாள். நாலாம் நாள் அப்பா அவனை ஒரு வேட்டியில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார். எங்கே வைத்தார் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "பேர் இடலையோன்னோ. மனசுல வெச்சுக்காதே. எண்ணாதே." இத்தனை வருஷமாக நானும் யார் கேட்டாலும் எனக்கு ஒரே பெண் என்றேன்.

அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் சித்தி வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அவளை உலுக்கியிருப்பேன். பதினொன்றும் தெரிந்தவள், அதில் ஐந்தை விழுங்கிவிட்டு, மிச்ச ஆறை வைத்துக்கொண்டு என் வலிக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள். அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றும்தான். ஆனால் அவளை மட்டும் திட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. அந்த ஆறைச் சொல்லிச் சொல்லி என் மகளை அதே அறைக்குத் தள்ளிக்கொண்டிருப்பவள் நான்தானே?

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சித்தியின் பேச்சை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அதைப் போடாதே. அது முழுசு இல்லை. பாட்டிக்குப் பதினொண்ணு. அஞ்சு போச்சு."

படித்த பெண், பதில் சட்டென்று வந்தது. "அது அந்தக் காலம்மா. நல்ல சாப்பாடு இல்லை, சுத்தம் இல்லை. எனக்கு ஸ்கேன்ல எல்லாம் நார்மல். நீ ஏன் அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கறே?"

"நோக்கு முன்னாடி ஒருத்தன் இருந்தான்."

இயர்போனைக் கழற்றினாள். நான் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். காலை ஏழு மணியிலிருந்து அப்பா கழற்றிய செருப்பு, வெந்நீர், ஆட்டோ, கண்ணாடிப் பெட்டி, வேட்டி வரைக்கும். ஸ்கேன் எனக்கும் நார்மலாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"அவனுக்கு என்ன பேர்?"

"இடலை."

"நீ அவனைப் பாத்தியா?"

"ஒரு தடவை. கண்ணாடி வழியா. தொட விடலை."

"என்கிட்ட ஏம்மா சொல்லலை? முப்பத்திமூணு வருஷம்!"

"பாட்டி எண்ணாதேன்னு சொன்னா. எண்ணலை."

அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், குளித்தாள், மூச்சு வகுப்புக்கு மட்டும் உட்காரவில்லை. காரியத்தைக் கெடுத்துக்கொண்டேனோ, என் மேல் உள்ள கோபத்தில் பிடிவாதமாக அந்த அறையிலேயே படுத்துவிடுவாளோ என்று நான் செத்துப் பிழைத்தேன். மூன்றாம் நாள் காலை சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"வா, ஹாஸ்பிட்டல்ல பதிவு பண்ணிட்டு வரலாம்."

போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். மலையாளி நர்ஸ் ஒருத்தி ஃபாரத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டாள். வயது, ரத்தப் பிரிவு, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது பிரசவத்தில் சிக்கல் உண்டா. பிறகு என்னைப் பார்த்து, அம்மாவுக்கு எத்தனை பிரசவம் என்று கேட்டாள்.

"ஒந்நு" என்றேன். வாய்ப் பழக்கம்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. நர்ஸைப் பார்த்தே மலையாளத்தில் சொன்னாள், "அல்ல, ரெண்டு. மூத்தது ஆண்குட்டி. நாலாம் நாள் மரிச்சு. ஞான் ரெண்டாமத்தேதா."

நர்ஸ் நிமிராமல் இரண்டு என்று எழுதிக்கொண்டாள். அவன் பிறந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது. ஒருவர் அவனை எண்ணி நான் கேட்டது அன்றுதான். அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டு அழுதேன்.