சாறன் கட்டிய சுழியோடி

அதிகாலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வரும் மௌத்து அறிவித்தல்களை நான் அரைக் காதால்தான் கேட்பேன். அன்று பெயர் விழுந்ததும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். சிமெந்துக் கடை நசீர் காக்கா. தூக்கத்திலேயே போயிருந்தார். இன்னாருடைய கணவர், இன்னாருடைய வாப்பா என்றெல்லாம் சொன்னார்கள்; சுழியோடிகள் கழக உறுப்பினர் என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். காக்கா உயிரோடு இருந்திருந்தால் அதற்காகவே பள்ளிவாசலுக்குப் போய்ச் சண்டை பிடித்திருப்பார். அவரை அறிந்த உங்களுக்காக, விடுபட்டதை நான் எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக அனுமதி கேட்டு நிற்கும் காலம் போன பிறகு, கல்முனையில் ஆறேழு பேர் தொடங்கிய கழகம் அது. காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போய் மீன் பார்ப்பதுதான் வேலை. பார்ப்பது மட்டும், பிடிப்பதில்லை. மீன் பார்க்கச் சந்தை போதாதா என்று ஊரே சிரித்தது. பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞனாகக் கோப்புகளுக்குள் கிடந்த எனக்கோ கொள்ளை ஆசை. ஆனால் என் மனைவி பரீதாவின் தம்பியைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு அவள் கடற்கரை வீதியால்கூடப் போனதில்லை. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காக்காதான் வீட்டுக்கு வந்து கேட்டார்.

"தங்கச்சி, இவரைக் காலையில கொண்டு போறன். பகல் சோத்துக்குத் திருப்பிக் கொண்டு வந்து தாறன்."

"இவரென்ன சிமெந்து மூட்டையா காக்கா?"

"சிமெந்து நனைஞ்சாப் பழுது. இவரு நனைஞ்சா ஒண்டும் ஆகாது."

பரீதா சிரித்துவிட்டாள். சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை. ஆனாலும் காக்காவே என்னை வாசலில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். அவரும் ஒருமுறைகூடத் தவறவில்லை. கேற்றடியில் நின்று, "தங்கச்சி, சாமான் வந்திட்டு" என்று கூப்பிடுவார். அவள் வந்ததும் என் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். "உடைவு ஒண்டுமில்ல, பாத்துக்கங்க."

உடம்போடு ஒட்டும் ரப்பர் உடுப்போடு நாலு பேர் முன்னால் நிற்க அவருக்கு வெட்கம். அதற்கு மேலே இடுப்பில் சிவப்புச் சாறனைக் கட்டிக்கொண்டுதான் ஒலுவில் துறைமுகத்துக்கு வருவார். குதிக்கும்போது அவிழ்த்து, படகுக்காரர் ராசன் அண்ணனிடம் கொடுப்பார். நாங்கள் அடித்த கேலிக்கு அளவில்லை. "மீனுக்கு மானம் தெரியாது, ஊருக்குத் தெரியும்" என்று சொல்லி அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருநாள் நீரோட்டம் எங்கள் இருவரையும் இழுத்துப்போனது. மேலே வந்து பார்த்தால் படகைக் காணவில்லை, சுற்றிவர அலைதான். தம்பியைக் கொடுத்தவள் என்னையும் கொடுக்கப்போகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. காக்கா என் கையை விடவில்லை.

"பதறாதீங்க. படகைத் தேடாதீங்க, என்ட சாறனைத் தேடுங்க."

நெடுநேரம் கழித்துத் தூரத்தில் சிவப்பாக ஒன்று ஆடியது. அதை நோக்கி நீந்திப் படகைப் பிடித்தோம். நாங்கள் பிந்தினால் சாறனைத் துடுப்பில் கட்டி உயர்த்த வேண்டும் என்று ராசன் அண்ணனிடம் கழகம் தொடங்கிய நாளே சொல்லி வைத்திருந்தாராம். இத்தனை கேலிக்கும் அதை எங்களிடம் அவர் சொன்னதில்லை.

பரீதாவிடம் சொல்ல வேண்டாமென்று வழியெல்லாம் கெஞ்சினேன். "பழுதை மறைச்சுச் சாமான் குடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, வாசலில் வைத்து முழுவதையும் சொன்னார். கழகம் இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"மறுகா போகக்குள்ள ரெண்டு சாறன் கொண்டு போங்க" என்றாள்.

இம்முறை மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்தபோது நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒப்படைக்க ஆளில்லாமல் எப்படிக் கேட்பது? போகிற நாள் காலையில் அவளே என் பையில் சிவப்புச் சாறனை வைத்தாள். காக்கா வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அல்லாஹ் அவர் உறங்கும் கப்றை வெளிச்சமாக்குவானாக. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தச் சாறனும் ஒரு கூப்பாடும்தான்.

பகல் திரும்பி வந்தேன். கேற்றைத் திறக்காமல் நின்று, "சாமான் வந்திட்டு" என்றேன்.

பரீதா வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"சுத்திக் காட்டுங்க" என்றாள்.